மூன்று வரிசையைத் தாண்டாத பிரசங்கம்

அவையின் தலைமையை அணிசெய்து அமர்ந்திருக்கும் மாண்புமிகு பேராயர் அவர்களே! அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும் போதகப் பெருமக்களே! இடப்புறம் நாற்காலி நிறைய நிமிர்ந்திருக்கும் மூப்பர்களே! முன்வரிசை முழுவதையும் முறையாகப் பிடித்துக்கொண்ட ஆன்றோர்களே! அந்த முன்வரிசைக்கும் பின்னால், தூண்களுக்கும் பின்னால், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எட்டி எட்டிப் பார்க்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் அடக்கமான வணக்கம்.

என் முகத்தை அறியாதவர் இந்த மண்டபத்தில் இல்லை. என் பேச்சை அறிந்தவரும் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகளாக இந்தச் சபையில் நான் நிகழ்த்தியது ஒரே ஒரு சொற்பொழிவு: 'ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட்டிங்... ஒன், டூ, த்ரீ.' சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அதற்கு வாய்ப்பிருக்காது.

நான் மைக்செட்காரன். பேசுகிறவர்களின் குரலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கியே தலை நரைத்தவன். கேட்டுக் கேட்டே கொஞ்சம் தமிழ் கற்றவன். இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறேன் என்பதற்காக, ஆண்டுக் கூட்டத்தின் நன்றியுரையை எனக்குக் கொடுத்தார்கள். "ரெண்டு நிமிஷம் போதும்" என்றார் செயலாளர். ஐயா, 'ரெண்டே நிமிஷம்' என்று சொல்லி மேடையேறியவர்கள் எப்போது இறங்குவார்கள் என்று கடிகாரம் பார்த்துக் காத்திருந்தவன் நான். எனக்கும் அந்தச் சலுகையை அருள வேண்டுகிறேன்.

இன்று காலை இதே மண்டபத்தில் ஒரு தீர்மானம் தோற்றது. பெண்கள் பிரசங்க மேடையேறி இறைவார்த்தையை எடுத்துரைக்கலாமா என்பது கேள்வி. ஏறலாம் என்றவர் நாற்பத்தாறு பேர். ஆகாது என்றவர் ஐம்பத்தேழு பேர். வாக்களித்த நூற்று மூன்று பேரும் ஆண்கள். சட்டம் அப்படி. பெண்களைப் பற்றிய கேள்விக்குப் பெண்களைத் தவிர மற்ற எல்லோரும் பதில் சொல்லிவிட்டு, கைகழுவிவிட்டுச் சாப்பிடப் போனோம்.

தலைவர் அவர்கள் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். ஐயா, அடியுங்கள், பிறகு அடியுங்கள். முதலில் ஒரு போதகரையும் அவர் மனைவியையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு நான் செய்ததைச் சொல்லாமல் யாருக்கு நன்றி சொன்னாலும் அது நாக்கில் ஒட்டாது.

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தச் சபையை மேய்த்த போதகரை உங்களில் பலர் அறிவீர்கள். என்ன குரல் அது! மணியின் நாதமும் மழையின் ஈரமும் சேர்ந்த குரல். அவர் பேசும்போது நான் ஒலியைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு கேட்டால் போதும். 'இந்த மனுஷனுக்கு எங்கேயிருந்துதான் இப்படி வார்த்தை வருதோ' என்று வாசலில் நின்று வியந்தீர்களே, நினைவிருக்கிறதா?

எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை, போதகர் வீட்டில் மின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று கூப்பிட்டார்கள். போனேன். சமையலறையில் போதகர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் நீர். என்னைப் பார்த்ததும், "சபைக்காக அழறேன்னு நினைச்சுக்காதே தம்பி, சாம்பாருக்காக" என்றார். உள்ளறையில், மேசை நிறைய நூல்களை விரித்துப் போட்டு, பென்சிலைக் கூந்தலில் செருகிக்கொண்டு, மறுநாள் பிரசங்கத்தை எழுதிக்கொண்டிருந்தார் போதகரம்மா.

ஆம், பெரியோர்களே. பதினெட்டு ஆண்டுகள் நீங்கள் கேட்டுக் கண்ணீர் வடித்த அத்தனை பிரசங்கங்களும் அந்தப் பென்சிலில் பிறந்தவை. குரல் அவருடையது. சொல் அம்மாவுடையது.

அவர் திருடவில்லை. தவறாக எண்ணிவிடாதீர்கள். நான் திகைத்து நிற்பதைப் பார்த்து அவரே சொன்னார்: "வந்த வருஷமே கமிட்டியில சொல்லிப் பார்த்தேன் தம்பி, இவளே பேசட்டும்னு. பேச்சையே எடுக்காதீங்கன்னுட்டாங்க. சரி, வாயை மட்டும் நான் தர்றேன்னு ஒத்துக்கிட்டேன். நீ வெளியில சொல்லாதே." உள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "சொன்னாலும் யாரும் நம்பப் போறதில்லைங்க. நீங்க வெங்காயத்தைப் பாருங்க." நான் விளக்கைச் சரிசெய்தேன். வெளியில் சொல்லவும் இல்லை.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக் கை விழுந்தது. வலக் கால் இழுத்தது. எல்லாவற்றையும்விட, வார்த்தை போனது. கண் தெளிவாக இருந்தது, நினைவு நேராக இருந்தது; சொல்ல நினைத்த சொல் மட்டும் நாக்குக்கு வராமல் நடுவழியில் நின்றுவிட்டது. மூன்று மாதம் கழித்துத் தட்டுத்தடுமாறி மேடையேறினார். இரண்டு வரி வாசித்தார். மூன்றாவது வரியில் நின்றார். சபை காத்திருந்தது. மின்விசிறிகள் சுற்றின. யாரோ இருமினார்கள். அவர் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

முதல் வரிசையின் ஓரத்திலிருந்து அம்மா எழுந்தார். மேடைக்குப் போய் அவர் பக்கத்தில் நின்று, அவர் விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். கையில் காகிதம் இல்லை, கண்ணில் பயமும் இல்லை. அடுத்த ஞாயிறும் அப்படி. அதற்கடுத்த ஞாயிறும் அப்படி. இருபது நிமிடம், தங்குதடையில்லாமல்.

நான்காம் வாரம் கமிட்டி கூடியது.

கமிட்டியின் தலைமை மூப்பர் மரக்கடை வைத்திருந்தார். அவரைக் கெட்டவர் என்று நான் சொன்னால் என் வாய் அழுகும். பக்கவாதம் வந்த அன்று போதகரைத் தன் தோளில் தூக்கி வண்டியில் ஏற்றியவர் அவர்தான். நான்கு நாள் மருத்துவமனை நடைக்கூடத்தில் செருப்பில்லாமல் நின்றவர். ஆனால் ஒழுங்கு என்ற ஒன்றை அவர் உயிராக நம்பினார். கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் ஓர் ஏணி வரைந்தார். உச்சியில் பிதா, அதற்குக் கீழே மகன், அதற்குக் கீழே ஆண், அடியில் பெண். "இந்த ஒழுங்கு பரலோகத்துல போட்டது. ஒரு படி ஆடினா வீடே ஆடும்" என்றார்.

பெண்கள் கமிட்டி அறைக்குள் வரக்கூடாது. எனவே போதகரம்மா வாசற்படிக்கு வெளியே நின்று பதில் சொன்னார். ஸ்பீக்கர் கம்பி இழுக்கப் போயிருந்த நான் ஏணி மேல் நின்று கேட்டேன்.

மூப்பர் சொன்னார்: "ஆணைத்தான் முதல்ல படைச்சார்."

அம்மா சொன்னார்: "முந்திப் படைச்சதுதான் பெருசுன்னா, மீனையும் மாட்டையும் நமக்கு முந்திப் படைச்சார் ஐயா. அதுங்களுக்குக் கீழ்ப்படியலாமா?"

"பாம்பு பேச்சுல ஏமாந்து பழத்தைத் தின்னது பெண்தானே?"

"அவ ஏமாந்து தின்னா. கூட இருந்த ஆம்பளை ஏமாறாமலே தின்னார். ரெண்டு பேர்ல யாரை நம்பி மேடையேத்துறது?"

அறைக்குள் ஒருவர் சிரித்துவிட்டார். மூப்பர் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு செத்தது.

"மகனே பிதாவுக்குக் கீழ்ப்பட்டவர்தானேம்மா? அதைவிடவா நமக்குக் கௌரவம்?"

அப்போதுதான் அம்மாவின் குரல் தாழ்ந்தது. "மகன் பிதாவுக்குச் சமம்னு ஞாயித்துக்கிழமை எல்லாரும் எந்திரிச்சு நின்னு அறிக்கை பண்றோம். திங்கக்கிழமை கமிட்டியில மகன் கீழேன்னு படம் போடுறீங்க. ஒரு பொம்பளை வாயை மூட, கடவுளையே ஒரு படி இறக்கணுமாய்யா? அவர் இறங்கினார்தான். மேலே இருக்கிறவன் மிதிக்கிறதுக்கா இறங்கினார்? கீழே இருக்கிறவன் காலைக் கழுவ இறங்கினார்."

சபையோரே, இறையியல் கற்ற பெருமக்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நான் ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் கேட்கிறேன்: அந்தக் கேள்விக்கு என்ன பதில்? அன்று மூப்பர் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, நீங்க பேசுறது சரியா தப்பாங்கிறது பிரச்சினை இல்ல. நீங்க பேசுறதுதான் பிரச்சினை."

கூட்டம் கலைந்தது. படியிறங்கும்போது மூப்பர் என் தோளைத் தொட்டார். "அந்தம்மா மறுபடி மேடைக்கு வந்தா, மைக்கை அமத்திடு. அசிங்கமா இழுத்து இறக்க வேணாம். அதுபாட்டுக்குக் கேட்காமப் போகட்டும்."

அந்த ஞாயிறு கனமழை. தகரக் கூரை தம்பட்டம் அடித்தது. போதகர் ஒரு வரி வாசித்தார், நின்றார். அம்மா எழுந்தார், மேடையேறினார், வாய் திறந்தார்.

நான் ஒலிக்குமிழைத் திருகினேன்.

யாருடைய கை? இந்தக் கை. யாருக்குப் பயந்து? யாரும் என்னை அடித்துவிடப் போவதில்லை. சொன்னதைச் செய்து பழகிய கை, சொன்னதைச் செய்தது. அவ்வளவுதான். அவ்வளவுதானா? அவ்வளவுதான் என்பதுதான் அச்சம் தருகிறது.

மழையில் அவர் குரல் மூன்று வரிசையைத் தாண்டவில்லை. நான்காம் வரிசையிலிருந்தவர்கள் உதடு அசைவதைப் பார்த்தார்கள். பின்னால் பெண்கள் பக்கத்தில் அதுவும் தெரியவில்லை. ஸ்பீக்கர் செத்தது அம்மாவுக்குத் தெரியாமலிருக்குமா? தெரிந்தது. ஒரு கணம் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கத்தவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. பேசிக்கொண்டே போனார்.

மன்றத்தோரே, ஒன்று சொல்கிறேன். மண்டபத்துக்குப் போகும் ஒலியை அமர்த்தினாலும், என் காதிலிருக்கும் ஹெட்போனுக்கு மைக்கின் ஒலி வந்துகொண்டே இருக்கும். முன்வரிசைகளுக்கும் மழையில் பாதிதான் கேட்டது; ஹெட்போன் காதிலிருந்த வரை அந்தப் பிரசங்கத்தை ஒரு சொல் சிந்தாமல் கேட்ட ஒரே செவி என் செவி.

பதினெட்டு ஆண்டு கூன் விழுந்து, நிமிர முடியாமலிருந்த ஒரு பெண்ணை ஆண்டவர் தொழுகைக் கூடத்தில் நிமிர்த்தினாரே, அந்த நிகழ்ச்சியைத்தான் பேசினார். "வாரா வாரம் வந்தா அவ. ஆனா தரையைத்தான் பார்த்தா. அந்தக் கூடத்துல இருந்த அத்தனை பேரையும் அவளுக்குப் பாதத்தை வெச்சுத்தான் தெரியும்," என்றார். "அவர் அவளைப் பின்னாடியே நிக்க வெச்சு நிமிர்த்தல. கூப்பிட்டார். நடுவுக்கு வான்னு கூப்பிட்டார். கூன் விழுந்தவ எவ்வளவு மெதுவா நடப்பா? அவ வந்து சேர்ற வரைக்கும் தன்னோட போதனையை நிறுத்திவெச்சுக் காத்துக்கிட்டு நின்னார். அவ நிமிர்ந்ததும் ஒருத்தருக்குக் கோபம் வந்துச்சு. யாருக்கு? கூடத்துத் தலைவருக்கு. பதினெட்டு வருஷம் அவ குனிஞ்சு கிடந்தப்போ அவருக்குக் கோபமே வரல."

கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்போதும் கை குமிழுக்குப் போகவில்லை.

அந்த நேரத்தில் போதகர் மேடையிலிருந்து இறங்கினார். காலை இழுத்து இழுத்து நடைபாதை நெடுக வந்து என் மேசை முன் நின்றார். உதடு துடித்தது. சொல் வரவில்லை. ஒரே ஒரு சொல்தான் வந்தது: "தம்பி..." மறுபடி: "தம்பி... தம்பி..." நன்றாக இருந்த இடக் கையை நீட்டிக் குமிழைத் தேடினார். நான் அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். இறுக்கிப் பிடித்தேன், அம்மாமார்களே! குருவியின் எலும்பு போலிருந்தது. பிடித்த வேகத்தில் ஹெட்போன் கழன்று விழுந்தது. அம்மா பிரசங்கத்தை எப்படி முடித்தார் என்று நானும் கேட்கவில்லை.

மாதம் முடிவதற்குள் அவர்களை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு போதகர் இறந்தார். அடக்க ஆராதனையில், மூப்பர் ஐயா போதகருடைய பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைத் திறந்து, "நம்ம போதகரோட வார்த்தையாலேயே அவரை வழியனுப்புவோம்" என்று தழுதழுத்த குரலில் ஒரு பிரசங்கத்தை முழுதாக வாசித்தார். சபை விம்மியது. மூப்பரும் அழுதார், உண்மையாகத்தான் அழுதார். தன் வார்த்தைகளால் தன் கணவனை இன்னொருவர் அடக்கம் செய்வதை, பேச அனுமதியில்லாத அம்மா, முக்காட்டுக்குள் உட்கார்ந்து கேட்டார். அன்று மைக் எத்தனை துல்லியமாக இருந்தது தெரியுமா? கடைசி வரிசை வரை கணீரென்று கேட்டது. நான்தான் பார்த்துப் பார்த்து வைத்தேன். அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

யாரது, "உட்காருய்யா" என்றது? உட்காரத்தான் போகிறேன் அண்ணே. முப்பத்தொரு ஆண்டும் உட்கார்ந்துதானே இருந்தேன்.

இந்தத் தீர்மானம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அம்மாவைத் தேடிப் போனேன். ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருக்கிறார். நீராவி மூட்டத்துக்குள், வெள்ளை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திடுக்கிடவில்லை. "அந்த முனையைப் பிடிங்க அண்ணே" என்றார். பிடித்தேன். மடித்தோம். நான்காவது விரிப்பில்தான் எனக்கு வாய் வந்தது.

"அம்மா, நான் பண்ணினது தப்பு. மன்னிச்சிருங்க."

"மன்னிச்சேன்னு சொல்லிட்டா நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போவீங்க. நான் இதே விரிப்பை மடிச்சிட்டிருப்பேன்." கோபமில்லாமல்தான் சொன்னார். "அன்னைக்கு எழுதி வெச்சுப் பேசல. என்ன பேசினேன்னு எனக்கே நினைவில்ல. நீங்க கேட்டீங்கல்ல? எழுதிக் கொடுங்க."

இரண்டு வாரம் உட்கார்ந்தேன். எழுதினேன், அடித்தேன், எழுதினேன். ஆறு பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தார். சற்றுமுன் உங்களுக்குச் சொன்ன சில வரிகளை மட்டும் விரலால் தொட்டு, "இது நான் பேசினது" என்றார். மற்றதை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "இதெல்லாம் நீங்களா சேர்த்தது. நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னோடது இல்ல."

போனது போனதுதான். பேராயர் அவர்களே, அந்தச் சில வரி போக, ஒரு மனுஷியின் இருபது நிமிடம் இந்த உலகத்தில் எங்குமே இல்லை!

"வாக்கெடுப்பு அன்னைக்கு வாங்கம்மா" என்று கெஞ்சினேன். "நீங்கல்லாம் கை தூக்குறதைப் பார்க்கவா?" என்றார். "சாமியையே வெறுத்துட்டீங்களா?" என்று கேட்டேன். அடுத்த விரிப்பை எடுத்து உதறினார். பிறகு சொன்னார்: "கடவுள் மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லண்ணே. மைக்கை அமத்தினது அவர் இல்ல."

மணி அடித்துவிட்டது. கேட்டது ஐயா. முடிக்கிறேன்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமை மூப்பர் ஐயா அவர்களே! உங்களை அவமதிக்க இதைச் சொல்லவில்லை. அன்று நீங்கள் வாசித்து அழுதீர்களே, அந்த வார்த்தைகள் யாருடையவை என்பதை இப்போதுதான் அறிகிறீர்கள். நீங்கள் அழுதது பொய்யா? இல்லை. அப்படியானால், ஒரு பெண் சொல்லிய சொல் உங்களை உடைத்தது, உருக்கியது, வானத்தைக் காட்டியது. அப்போது எந்த வீடு ஆடியது ஐயா? எந்தப் படி சரிந்தது?

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு இதே தீர்மானத்தை நான் இப்போதே முன்மொழிகிறேன். விதிப்படி, வழிமொழிய வாக்குரிமையுள்ள ஒருவர் வேண்டும். ஒரே ஒருவர் போதும். காலையில் உயர்ந்த நாற்பத்தாறு கைகளில் ஒரு கை! அப்போது நெருக்கத்தில் யாருடையது என்று தெரியாமல் உயர்ந்தது. இப்போது தனியாக உயரட்டும். இங்கேயே, எல்லோரும் பார்க்க. யார்?

காத்திருக்கிறேன்.

முன்வரிசையில் இல்லை. நடுவரிசையில் இல்லை. சுவரோரத்து இளைஞர்கள் தரையைப் பார்க்கிறார்கள்.

அம்மாடி... பின்னாலிருந்து எத்தனை கைகள்! தாய்மார்களே, உங்கள் கைகள் எனக்குத் தெரிகின்றன. சட்டத்துக்குத் தெரியாது. ஆனாலும் இறக்காதீர்கள். கை வலிக்கும் வரை, இவர்கள் திரும்பிப் பார்க்கும் வரை இறக்காதீர்கள்.

தலைமை மூப்பர் ஐயா எழுந்துவிட்டார். வெளியே போகிறார். வழிவிடுங்கள், வயதானவர். தூணருகே நின்று, பெண்கள் பக்கம் பார்த்து, துணைவியாரை வரச் சொல்லிக் கையசைக்கிறார். இரண்டாம் முறையும் அசைக்கிறார்.

அந்த அம்மா உட்கார்ந்தே இருக்கிறார்.

இன்று வழிமொழிய ஆளில்லை. இருக்கட்டும். ஓராண்டு இருக்கிறது, வீடு வீடாக வருவேன். இந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்களுக்கும், பெருக்கியவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும், மணியடித்த பிறகும் என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும் சபையின் சார்பில் என் நெஞ்சார்ந்த நன்றி. கை உயர்த்தியிருக்கும் தாய்மார்களுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. வணக்கம்.